பையை யார் பிடிப்பது?

1998இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் 41 பேரைத் தாம்பரம் பக்கத்தில் உள்ள கிஷ்கிந்தா கேளிக்கைப் பூங்காவுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். கடலூரிலிருந்து விடியற்காலை 4 மணிக்குப் பஸ் கிளம்பியது. அன்று பகல் முழுக்க நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் 17 கைக்கடிகாரங்கள், ஒரு டிபன் டப்பா நிறைய வளையல்கள், ஆறு ஜோடி கொலுசு, யாரோ ஒருத்தியின் மூக்குக்கண்ணாடி. சுற்றிலும் செருப்புகள். தலைக்கு மேலே ராட்டினம் வரும்போதெல்லாம் பெண்களின் கூச்சல் நெருங்கி வந்து விலகிப் போனது. அவர்கள் இறங்கும் ஒவ்வொரு முறையும் தலைகளை எண்ணினேன். 41 சரியாக இருந்தது.

"டீச்சர், நீங்கள் ஏறவில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான் ஏறினால் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது?" என்றேன். அப்போது எனக்கு வயது 28.

ஆனால் பை என் கைக்கு வந்தது அதற்கு வெகு காலம் முன்பு, 1983 தை மாதம் ஐந்தாம் நாள். கடலூர்க்காரர்களுக்குத் தை ஐந்து என்றாலே போதும், பெண்ணையாற்றுத் திருவிழா. சுற்றுவட்டார ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வருவார்கள். மணலில் சாக்கு விரித்துச் சிறுவள்ளிக்கிழங்கும் சுருளிக்கிழங்கும் குவித்திருப்பார்கள். நான்கு மரத்தொட்டில்கள் கட்டிய ராட்டினத்தை இரண்டு ஆட்கள் கையால் பிடித்துச் சுற்றிவிடுவார்கள். முந்தைய ஆண்டு வரை நான் அதில் ஏறியவள். அந்த ஆண்டு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தொட்டிலை நோக்கி நடந்தபோது அம்மா தோளைத் தொட்டு நிறுத்தினாள். "நீ பெரியவள் ஆகிவிட்டாய். தம்பி ஏறட்டும். நீ பையைப் பிடி."

மஞ்சள் துணிப்பை. உள்ளே மூன்று கிலோ கிழங்கும் ஒரு மண் உண்டியலும் இருந்தன. அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் கையில் அதைவிடப் பெரிய பை இருந்தது.

அதன் பிறகு முட்டுக்காடு எம்ஜிஎம், சென்னை விஜிபி என்று பல பூங்காக்களுக்கு என் பிள்ளைகளோடு போனேன், அண்ணன் பிள்ளைகளோடு போனேன், பள்ளிப் பிள்ளைகளோடு பலமுறை போனேன். போன இடமெல்லாம் பை என்னோடு வந்தது.

இந்த மார்ச் முதல் வாரத்தில் நாங்கள் நான்கு பெண்கள் சிங்கப்பூரின் செந்தோசா தீவுக்குப் போகிறோம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவை ஒட்டிய விடுதியிலேயே மூன்று இரவுகள் தங்குகிறோம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் அக்காவுக்கு வயது 61. நெல்லிக்குப்பத்தில் இருக்கும் நாத்தனாருக்கு 53. என் ஓரகத்திக்கு 49. நான் 56. குழந்தைகள் இல்லை, பேரப்பிள்ளைகள் இல்லை, கணவர்களும் இல்லை. 20 மாதங்கள் ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வங்கித் தொடர்வைப்பில் போட்டுச் சேர்த்த பணம். அதற்கு அக்காதான் பொருளாளர்.

திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. இத்தகைய பூங்காக்களைப் பற்றித் தமிழில் கிடைப்பதெல்லாம் குழந்தைகளை எப்படி அழைத்துப் போவது என்பதுதான். பால் பாட்டிலுக்கு வெந்நீர் எங்கே கிடைக்கும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். முழங்கால் வலிக்கும் ஒருத்தி, தனக்காக மட்டும் அங்கே போக நினைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிரிஃபித் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா. அங்கே ஒரு குதிரை ராட்டினம். வாரக் கடைசியில் வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண்களையும் அங்கே அழைத்துப் போவார். அவர்கள் குதிரையில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தது. அந்தப் பெஞ்சை ஒரு நினைவுப் பொருளாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இந்தப் பூங்காக்களின் தொடக்கம், ராட்டினத்துக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் ஏக்கம். காலையில் அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் கையில் பை இருந்ததா?" என்று கேட்டாள்.

எங்கே போவது என்று முடிவு செய்ய நான்கு மாதம் ஆயிற்று. அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவி, "ஃப்ளோரிடாவுக்கு வாருங்கள் டீச்சர்" என்றாள். 1971இல் திறந்த டிஸ்னி வேர்ல்ட் அங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர் நிலம், அதற்குள் நான்கு தனித்தனிப் பூங்காக்கள், இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகள். ஒரு வாரம் தங்கினாலும் பார்த்து முடியாது. ஆனால் விசாவுக்கான காத்திருப்பும், ஒரு நாள் முழுவதையும் விழுங்கும் விமானப் பயணமும், செலவும் எங்கள் சக்திக்கு மீறியவை. ஹாங்காங்கில் 2005இல் திறந்த டிஸ்னிலேண்டையும் யோசித்தோம். சாப்பாட்டை நினைத்து நாத்தனார் தயங்கினாள். நாங்களும் வற்புறுத்தவில்லை.

உள்ளூரிலேயே இல்லையா என்று பலரும் கேட்டார்கள். இருக்கிறது. சென்னைக்கு அருகே திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்திருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பிவிடலாம். அந்த இரவு வீடு திரும்புவதுதான் எனக்கு வேண்டாம் என்று பட்டது. பகல் முழுக்கச் சுற்றிவிட்டு 10 மணிக்குக் கதவைத் திறக்கும் பெண்ணுக்கு முதலில் கண்ணில் படுவது சமையலறை மேடை. மறுநாள் காலைக்கு மாவு இருக்கிறதா என்ற கவலை திரும்பும் வழியில் மரக்காணத்திலேயே தொடங்கிவிடும். ஆகவே தங்கும் விடுதியோடு சேர்ந்த பூங்காதான் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பணம் குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. பெங்களூருக்கு அருகே பிடதியில் 2005 முதல் இயங்கும் வொண்டர்லாவில் பூங்காவோடு சேர்ந்தே விடுதி இருக்கிறது. எங்கள் தொடர்வைப்பு முதிர்ந்திருக்காவிட்டால் அங்கேதான் போயிருப்போம்.

சிங்கப்பூர் என்று முடிவானதற்கு எளிய காரணங்கள்தான். சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம். இறங்கினால் விமான நிலையத்திலேயே தமிழ் எழுத்து. சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ். அங்கே போனால் நாத்தனாருக்கு இட்லி கிடைத்துவிடும். இன்னொன்றும் உண்டு. செந்தோசா என்ற மலாய்ச் சொல்லும் நம் சந்தோஷமும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து பிறந்தவை. அந்தத் தீவுக்குப் பழைய பெயர் பூலாவ் பிளாக்காங் மாத்தி, சாவைக் குறிக்கும் சொல் அதில் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் பீரங்கி வைத்திருந்த தீவு அது. 1970களின் தொடக்கத்தில்தான் பெயரை மாற்றினார்கள். பெயர் மாறினால் இடமும் மாறும் என்பதை நம்புகிறவள் நான்.

விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் முதலில் போன முகவர் எங்கள் நான்கு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பயணத் திட்டத்தை அனுப்பி வைத்தார். பூங்காவுக்கான இரண்டு நாளையும் எங்களைக் கேட்காமலேயே நீக்கியிருந்தார். அவற்றுக்குப் பதில் ஒரு நாள் கோயில்கள், ஒரு நாள் கடைத்தெரு. போன் செய்து கேட்டேன். "அம்மா, உங்கள் வயதுக்கு அதெல்லாம் ஒத்துவராது. நான் நல்லதற்குத்தான் சொல்கிறேன்" என்றார். அவர் குரலில் மரியாதை இருந்தது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. 1983இல் அம்மா தோளைத் தொட்டபோதும் இதே மரியாதையான குரல்தான். முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு முகவரிடம் போனோம்.

மற்றவை விரைவாக. பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) 65 ரூபாய்க்கு மேல் ஆகிறது, கணக்கை அதற்கேற்பப் போடுங்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பூங்கா டிக்கெட்டில் சலுகை உண்டு. அக்காவுக்கு அது பெருமை.

எப்போது போவது என்பதில்தான் பெரியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பெரிய வசதி இருக்கிறது. பிள்ளைகளோடு போனால் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும், எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதமும், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முழுவதும் நீண்ட விடுமுறைகள். மார்ச் நடுவிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம் உண்டு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழையும் அதிகம், மின்னல் அடித்தால் வெளிப்புற ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். சீனப் புத்தாண்டுக் கூட்டம் இந்த ஆண்டு பிப்ரவரியோடு ஓய்ந்துவிடும். எஞ்சிய இடைவெளி மார்ச் முதல் வாரம். அதிலும் செவ்வாயும் புதனும் பூங்கா, வார இறுதியில் அந்தப் பக்கமே போகவில்லை. முப்பது மார்ச் மாதங்களைத் தேர்வு அறைகளில் நடந்தே கழித்தவள் நான். சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். மார்ச்சில் வெளியூர் போவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

வரிசையிலும் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது. முக்கியமான சவாரிகளில் தனி ஆட்களுக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். இரண்டிரண்டு இருக்கைகள் உள்ள வண்டியில் மூன்று பேர் கொண்ட குடும்பம் ஏறினால் ஓர் இருக்கை காலியாகிவிடும். அதை நிரப்பத் தனி ஆள் வரிசையிலிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள். அதனால் அது பெரும்பாலும் வேகமாக நகரும். கூட வந்தவர்களைப் பிரிந்து முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். சின்னக் குழந்தையோடு வந்தவர்கள் இதைச் செய்ய முடியாது. நான்கு பெரிய மனுஷிகள் தாராளமாகச் செய்யலாம். வரிசையில்லாமல் ஏறக் கூடுதல் பணம் கட்டும் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டும் இருக்கிறது. வார நாளில் போகிறவர்களுக்கு அது தேவைப்படாது என்பது என் கணிப்பு, அந்தப் பணத்தை விடுதிக்குப் போட்டேன். வாசலுக்கு நடை தூரத்தில் அறை இருந்தால் மாலையில் முழங்கால் நன்றி சொல்லும்.

"பேரனை விட்டுவிட்டா போகிறாய்?" என்று உறவில் ஏழெட்டுப் பேராவது கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். அவனுக்கு நான்கு வயது. உயரம் ஒரு மீட்டரைத் தொடவில்லை. அங்கே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 சென்டிமீட்டர் வேண்டும். ஆற்று வெள்ளத்தில் மிதவை போகும் ஜுராசிக் பார்க் சவாரிக்கு 107. இருட்டுக்குள் பாயும் மம்மிக்கு 122. பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125. அவனை அழைத்துப் போனால் அவன் ஏற முடியாத இடங்களில் யாராவது ஒருத்தி அவனோடு வெளியே நிற்க வேண்டும். அது யார் என்று கேட்கவே வேண்டாம். அவன் 125 சென்டிமீட்டர் வளரட்டும், நானே அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்வேன். அவன் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கும் இந்தப் பயணத்துக்கும் சண்டை இல்லை.

பெரியவர்கள் மட்டும் என்றால் விளம்பரங்களில் மதுவும் சூதாட்டமும்தான் வருகின்றன. அந்த விடுதி வளாகத்திலும் ஒரு சூதாட்ட விடுதி உண்டு, 21 வயது நிரம்பியவர்களுக்குத்தான் அனுமதி. நாங்கள் கேட்பது அதுவல்ல. ராட்டினத்தில் ஏறுவது.

இனி அந்த ரோலர் கோஸ்டர். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்று பெயர். அருகருகே இரண்டு தண்டவாளங்கள், உயரம் 42.5 மீட்டர், ஏறக்குறைய 14 மாடி. ஒன்றில் சாதாரணமாக உட்கார்ந்து போகலாம். மற்றொன்றில் தண்டவாளத்துக்குக் கீழே கால்கள் தொங்கத் தொங்கப் போக வேண்டும், அதுதான் தலைகீழாகவும் சுழல்கிறது. இரண்டும் எதிரெதிரே பாய்ந்து, மோதுவது போல வந்து விலகும்.

நான் கணித ஆசிரியை. பரவளையத்தைக் கரும்பலகையில் முப்பது ஆண்டுகள் வரைந்தேன். மேலே எறிந்த பந்து விழும் பாதை அது என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. ரோலர் கோஸ்டரின் மேடுகளையும் ஏறக்குறைய அந்த வளைவை ஒட்டித்தான் கட்டுகிறார்கள். வண்டியும் நாமும் ஒரே வேகத்தில் விழுவதால் இருக்கை நம்மைத் தாங்குவதை நிறுத்திவிடுகிறது. வயிறு மேலே வருவது போல இருப்பது அதனால்தான். தலைகீழ்ச் சுழலும் முழு வட்டம் இல்லை. வட்டமாகக் கட்டினால் அடியில் நுழையும் அந்த நொடியில் உடல் திடீரென்று பல மடங்கு கனத்துவிடும். அதனால் வளைவை மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே போய், உச்சியில் சின்ன வளைவாக, தலைகீழாகத் தொங்கும் நீர்த்துளியின் வடிவில் கட்டுகிறார்கள். 1976இல் அமெரிக்காவில் ஒரு ஜெர்மானியப் பொறியாளர் வகுத்துக் கொடுத்த வழி அது. இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த வளைவின் மேல் உட்கார்ந்து ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்ற ஆசையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

உடல்நிலையை மறைக்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகுப் பிரச்சினை, அண்மையில் அறுவை சிகிச்சை, இவை இருந்தால் ஏறாதீர்கள் என்று வேகமான சவாரிகளின் வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கு பேரும் டாக்டரிடம் போனோம். ஒரு நோட்டில் நான்கு பத்திகள் வரைந்து, யார் எதில் ஏறலாம் என்று அவரையே கேட்டு எழுதினேன். எனக்கும் ஓரகத்திக்கும் எல்லாம் சரி. அக்காவுக்கு ரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிறது, ஆனாலும் தலைகீழ் வேண்டாம், வேகமானவை வேண்டாம், தண்ணீர்ச் சவாரி போகலாம் என்றார். நாத்தனாருக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். அவள் பத்தியில் பெருக்கல் குறிகள் வரிசையாக விழுந்தன.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை அண்ணி. நீங்கள் மூன்று பேரும் ஏறுங்கள். நான் பையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்றாள்.

அவள் உண்மையான அன்போடுதான் சொன்னாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நடுரோட்டில் நின்று, "நீ ஏறாமல் இருக்கலாம், ஆனால் பையைப் பிடிக்க மாட்டாய்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அன்று இரவே நோட்டில் முதல் பக்கத்தில் எழுதினேன். யாரும் யாரையும் ஏறச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. யாரும் யாரையும் ஏற வேண்டாம் என்று தடுக்கக் கூடாது, டாக்டரைத் தவிர. ஏறாதவர் அந்த நேரத்தில் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போக வேண்டும், ராட்டினத்துக்குக் கீழே நின்று காத்திருக்கக் கூடாது. பைகள் லாக்கரில் இருக்கும். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

நாத்தனாருக்கென்று தேடியதில் கிடைத்ததுதான் அந்தப் புயல் காட்சி. ஒரு ஸ்டூடியோ அரங்குக்குள் கடும் சூறாவளி ஒரு படகுத்துறையைத் தாக்குவதைக் காற்றும் நீரும் நெருப்பும் வைத்துக் காட்டுகிறார்கள். நின்றபடி பார்க்கலாம், கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. இதைச் சொன்னவுடன் அவள் முகம் மாறியது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை ‘தானே’ என்று பெயரிட்ட புயல் கரை கடந்தபோது நெல்லிக்குப்பத்தில் அவள் வீட்டு ஓடுகள் பறந்தன. தோட்டத்தில் மாமனார் வைத்த பலா வேரோடு சாய்ந்து கிணற்றின் மேல் கிடந்தது. "புயலைக் காசு கொடுத்துப் பார்ப்பதா?" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். "அண்ணி, அதைப் பார்க்கிறேன். அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் இரண்டு பிள்ளைகளையும் கண்ணைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். புயல் எப்படி இருந்தது என்றே நான் பார்க்கவில்லை." அவள் பத்தியில் பெரிதாக ஒரு டிக் போட்டேன்.

உடைக்கு வருகிறேன். புடவை கட்டிக்கொண்டு இவற்றில் ஏற முடியாது. முந்தானையும் கொசுவமும் எங்கே சிக்கும் என்று சொல்ல முடியாது, துப்பட்டாவும் ஆகாது. நாங்கள் மூன்று பேரும் சுடிதாருக்குப் பழகியவர்கள். அக்கா வாழ்நாளில் புடவை தவிர வேறெதுவும் உடுத்தியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குப் போய், மகாத்மா காந்தி சாலையில் நடக்கும் ஞாயிறு சந்தையில் அவளுக்கு இரண்டு சுடிதார்கள் வாங்கினோம். ஒன்று மயில்கழுத்து நிறம், மற்றொன்று மாம்பழ மஞ்சள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உடுத்தினாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்து ஹாலில் நின்றாள். அவள் வலது கை இடது தோளுக்குப் போயிற்று, முந்தானையை இழுத்துவிட. அங்கே ஒன்றும் இல்லை. கை கழுத்தோரத்தில் ஒரு கணம் நின்று, தாலிக்கயிற்றை உள்ளே தள்ளிவிட்டு இறங்கியது. ஒரு நிமிடத்துக்குள் மறுபடி மேலே போயிற்று. காபி ஆற்றும்போதும் போயிற்று. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "உடம்பு லேசாக இருக்கிறது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நடக்கும்போது கால் தட்டவில்லையடி" என்றாள்.

மாலை ஆறு மணிக்கு மேல் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள். அந்தச் சுடிதாரிலேயே, புது ஷூவோடு, அவளை நடக்க அழைத்துப் போனோம். காந்தி சிலை தாண்டியதும் உட்கார்ந்துவிட்டாள். ஷூவைக் கழற்றினாள். இரண்டாவது விரலில் மெட்டி அழுத்திய இடம் சிவந்து, மெட்டியின் வளையம் அப்படியே தோலில் பதிந்திருந்தது. 38 ஆண்டுகளாகக் கழற்றாத மெட்டி. அத்தான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரே குனிந்து விரலைப் பார்த்துவிட்டு, "பஞ்சு வைத்து ஒட்டிக்கொள். இல்லையென்றால் கழற்றிவிடு, நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றார். அக்கா கழற்றவில்லை. பஞ்சு வைத்தாள். இப்போது தினமும் ஒன்றரை கிலோமீட்டர் போய்வருகிறாள். நான் இங்கே தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச்சில் நடக்கிறேன். பூங்காவில் நாள் முழுக்க நடை இருக்கும், ஒரு மாதமாவது முன்பாக ஷூவைக் காலுக்குப் பழக்கிவிடுங்கள்.

கையில் என்ன எடுத்துப் போவது என்று பேசியபோது நான்கு பேரின் பட்டியலும் பழைய வழக்கத்தில் நீண்டுகொண்டே போயிற்று. முறுக்கு, தைலம், துண்டு, மாற்றுத் துணி, குடை, யாருக்காவது தலை வலித்தால் ஒரு மாத்திரை, யாருக்காவது வாந்தி வந்தால் ஓர் எலுமிச்சம்பழம். எல்லாம் வேறு யாருக்காகவோ. ஓரகத்திதான் நோட்டை வாங்கி, "அக்கா, நமக்கு நான்கு பேருக்கும் என்ன வேண்டும் என்று மட்டும் எழுதுவோம்" என்றாள். சொந்த மருந்து, கண்ணாடிக்கு ஒரு கயிறு, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு, போன். ஆளுக்கு ஒரு சின்ன இடுப்புப் பையில் அடங்கிவிட்டது.

போன மாதம் தை ஐந்து வந்தது. நோட்டில் எழுதியதை ஒருமுறை பழகிப் பார்ப்போம் என்று நான்கு பேரும் பெண்ணையாற்றுக்குப் போனோம். இப்போது மரத்தொட்டில் இல்லை. மோட்டாரில் சுற்றும் பெரிய ராட்டினம், கம்பியெல்லாம் வண்ண விளக்குகள். மெதுவாகச் சுற்றுவது, நாத்தனாரும் ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வழியில் சிறுவள்ளிக்கிழங்கைப் பார்த்ததும் அக்காவால் இருக்க முடியவில்லை, மூன்று கிலோ வாங்கிவிட்டாள். மஞ்சள் பை.

டிக்கெட் வாங்கிக்கொண்டு மேடை ஏறினோம். ராட்டினக்காரத் தம்பி பையைப் பார்த்தார். "அம்மா, பையை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. கூட வந்தவர்கள் யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள்."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாத்தனாரின் கை தானாகப் பையை நோக்கி நீண்டது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட வந்தவர்கள் எல்லோரும் ஏறுகிறோம் தம்பி" என்றேன்.

அவர் ஒரு நொடி எங்களைப் பார்த்தார். பிறகு பையை வாங்கி, மோட்டாருக்குப் பக்கத்தில் தன் சட்டை தொங்கிய ஆணியில் மாட்டினார். கூண்டின் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டார். ராட்டினம் அசைந்தது. முதல் சுற்றில் ஆற்று மணலும் கிழங்குக் கடைகளும் கீழே போயின, அடுத்த சுற்றில் மஞ்சக்குப்பத்துப் பக்கம் விளக்குகள் தெரிந்தன. உச்சிக்குப் போனதும் யாரையோ ஏற்றுவதற்காக நிறுத்தினார்கள். கூண்டு காற்றில் லேசாக ஆடியது. அக்கா கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள்.